பேய்வீட்டுக்கு முதலில் கதை வேண்டுமா, பிறகு வேண்டுமா?

கல்லடிப் பொடியன்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் விசித்திரம்தான், சிரிக்க வேண்டாம்.

இந்த முறை சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்கு எங்கள் கழகம் வழமையான வழுக்கு மரம், தலையணைச் சண்டை, யானைக்குக் கண் வைத்தல் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு பேய்வீடு போடப் போகிறது. முன்பு ரியூசன் வகுப்பு நடந்த ஓட்டு மண்டபம் ஒன்று கழகத்துக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிறது, 60 அடி நீளம் 20 அடி அகலம். இந்த ஊரில் பாதிப் பேர் ஏற்கெனவே பயந்து நடுங்கிய இடம் அது, கணக்குப் பாடத்துக்கு.

பிரச்சினை கதையில். கார்னிவலோடு வருகிற பேய்வீடு எல்லோருக்கும் தெரியும்தானே, தகர அறை, ஒரு எலும்புக்கூடு, இருட்டில் காலைப் பிடிக்கிற ஒருவன், 3 நிமிடத்தில் வெளியே. அது போதும் என்கிறது கமிட்டியில் பாதி. கதை இல்லாமல் செய்தால் கேவலம் என்கிறது மற்றப் பாதி. நான் கதைக் கட்சி. என் யோசனை இது: கடலுக்குப் போன மாப்பிள்ளைக்காகக் காத்திருந்து கரையிலேயே செத்துப்போன மணப்பெண், அவளைத் தேடி மாப்பிள்ளை தண்ணீரிலிருந்து எழும்பி வருவது. எழுதத் தொடங்கினேன், 4 பக்கம் போய்விட்டது, ஆனால் இருட்டில் நடந்துபோகிற சனத்துக்கு 4 பக்கக் கதையை யார் சொல்வது?

அப்போதுதான் கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் இருக்கிற ஹாண்டட் மேன்ஷன் நினைவுக்கு வந்தது. உலகத்திலேயே பேர்போன பேய்வீடு அதுதானே. அவர்கள் அதன் கதையை எப்படி உருவாக்கினார்கள் என்று விவரம் தெரிந்த யாராவது இருக்கிறீர்களா? எழுத்தாளர் ஒருவரை உட்காரவைத்து எழுதினார்களா? கையில் 3 கிழமைதான் இருக்கிறது.

ஆரையூரான்:

தம்பி, மேடை வெளிச்ச வேலை செய்கிறவன் நான், இந்த வீட்டைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் வாசிக்கிற பைத்தியம் எனக்கு நெடுநாளாக உண்டு. நேராகச் சொல்கிறேன், அவர்கள் கதையில் தொடங்கவே இல்லை. வீடு முதலில் வந்தது, தந்திரங்கள் அதற்குப் பிறகு, கதை கடைசியில், அதுவும் முழுதாக வரவில்லை.

பூங்கா திறப்பதற்கு முன்பே, 1951இல், ஹார்ப்பர் கொஃப் என்ற ஓவியர் ஒரு படம் கீறியிருந்தார். ஒரு சின்ன ஊர், தேவாலயம், இடுகாடு, மேட்டில் ஒரு பாழ்வீடு. 1957இல் கென் அண்டர்சன் என்பவரிடம் வால்ட் டிஸ்னி இந்த வேலையைக் கொடுக்கிறார். இவர்தான் உன்னைப்போலக் கதை எழுதியவர், பல கதை எழுதினார். அதில் ஒன்றைக் கேள்: ஒரு கடல் கப்டன், வெளியே பெரிய மனிதன், உள்ளே கொள்ளைக்காரன். அவன் கட்டிவந்த பெண்ணுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது, அவளைக் கொன்றுவிடுகிறான், பிறகு தூக்குப் போட்டுச் சாகிறான். வீட்டு வேலைக்காரன் ஒருவன் சனத்தைக் கூட்டம் கூட்டமாக அறை அறையாகக் கூட்டிக்கொண்டுபோய் இதைச் சொல்லுவான், இதுதான் திட்டம். உன் மணப்பெண் கதைக்கு இது சொந்தக்காரக் கதைதானே! ஆனால் நடக்கவில்லை. ஒரு கூட்டம் நின்று கதை கேட்டு முடிக்கும்வரை வெளியே வரிசை நீண்டுகொண்டே போகும், பின்னால் நிற்பவனுக்கு ஒன்றும் கேட்காது.

இதற்குள் வீட்டின் தோற்றத்திலேயே சண்டை வந்தது. அண்டர்சன் இடிந்து, பாசி பிடித்த வீடாகக் கீறினார். வால்ட் மறுத்துவிட்டார், தன் துப்புரவான பூங்காவில் பாழடைந்த கட்டிடம் நிற்கக் கூடாதாம். வெளிப்பக்கத்தை நாம் பார்த்துக்கொள்வோம், உள்பக்கத்தைப் பேய்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்ற அர்த்தத்தில் அவர் சொன்னது பிரபலம். அதனால்தான் அது வெள்ளைத் தூண் வைத்த வடிவான மாளிகையாக நிற்கிறது. 1963இல் வெளிப்பக்கம் கட்டி முடிந்தது. உள்ளே வெறுமை. கேட்டில் ஒரு பலகை மட்டும், மார்ட்டி ஸ்க்லார் எழுதியது. ஓய்வுபெற்ற பேய்களுக்கு இங்கே வீடு கொடுக்கப்படும், விருப்பமுள்ள பேய்கள் விண்ணப்பிக்கலாம் என்கிற மாதிரி. திறந்தது 1969 ஓகஸ்ட் 9. ஆறு வருடம் பூட்டிக் கிடந்தது, தம்பி! நடுவில் நியூயோர்க் உலகக் கண்காட்சி வேலை வந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போனது, பிறகு 1966 டிசம்பரில் வால்ட் செத்துப்போனார். பூட்டிக் கிடக்கிற வீட்டை ஊர் சும்மா விடுமா? சோதனைக்கு உள்ளே போன ஒருவர் பயத்தில் மாரடைப்பு வந்து செத்துவிட்டார், அதுதான் திறக்கவில்லை என்று ஒரு வதந்தி கிளம்பியது. உண்மை இல்லை. ஆனால் கம்பனி காசு கொடுத்தாலும் எழுதுவிக்க முடியாத கதை அது, சனம் சும்மா எழுதிக் கொடுத்தது.

உள்ளே வேலை செய்த ரோலி கிரம்ப், யேல் கிரேசி என்ற இரண்டு பேரும் கதையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை, தந்திரம் கண்டுபிடிப்பதுதான் அவர்களுடைய வேலை. கிரம்ப் பிறகு சொல்லிச் சிரித்த ஒரு சம்பவம்: இவர்கள் வேலை செய்த அறையைக் கூட்ட வருகிற ஆட்களுக்குப் பயம், இரவில் லைட்டை நூர்க்காமல் போங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவர்கள் என்ன செய்தார்கள், லைட்டை எரியவிட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை ஒன்றைக் குறுக்கே வைத்துப் போனார்கள். அதை யாராவது கடந்தால் லைட் நூர்ந்து பேய்கள் எல்லாம் எழும்பும். காலையில் வந்து பார்த்தால் பேய்கள் ஆடிக்கொண்டிருக்கின்றன, தரையில் தும்புத்தடி மட்டும் கிடக்கிறது. இனி அந்த அறையை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டதாம்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வால்ட் போன பிறகு தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. இரண்டு பெரிய கைகள் மோதின. குளோட் கோட்ஸ் பின்னணி ஓவியர், அவருக்கு வெருட்ட வேண்டும். மார்க் டேவிஸ் பாத்திரங்களை உருவாக்குகிறவர், அவருக்குப் பகிடி வேண்டும். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் என்ன நடந்தது என்றால் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்தவர்கள் சொல்வார்கள், முதல் பாதியில் ஒரு பேயையும் காணமுடியாது. முடிவே இல்லாத நடைபாதை, மூச்சுவிடுகிற கதவு, 13 மணி அடிக்கிற மணிக்கூடு. அது கோட்ஸ். இரண்டாம் பாதியில் நடன மண்டபமும் இடுகாடும், பேய்கள் குடித்துக் கும்மாளம் அடிக்கின்றன. அது டேவிஸ். சண்டையில் யாரும் வெல்லாததால் வந்த கட்டமைப்பு அது, யாரோ யோசித்து வைத்தது மாதிரி இப்போது தெரிகிறது! உன் கமிட்டிச் சண்டையை அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதே.

இந்த இரண்டு பாதியையும் ஒட்டவைத்தவர் எக்ஸ் அட்டென்சியோ. வசனமும் பாட்டின் வரிகளும் அவருடையவை. அவர் கண்ட வழி ஒரு குரல். கண்ணுக்குத் தெரியாத வீட்டுக்காரப் பேய் உன்னை வரவேற்றுக் கூடவே வருகிறது. இங்கே 999 பேய்கள் இருக்கின்றன, ஆயிரமாவதுக்கு இடம் காலி, யாராவது வருகிறீர்களா என்று கேட்கிறது. முழுக்கதை அவ்வளவுதான். யார் யாரைக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்று ஒன்றும் கிடையாது. தொடக்கம், நடு, முடிவு உள்ள கதை சொல்ல இது இடமில்லை, சனம் ஒரு இடத்துக்குள் போய் அதை அனுபவித்துவிட்டு வரவேண்டும், அதுதான் டேவிஸின் நிலைப்பாடு.

உன் 4 பக்கத்தை ஒரு வரியாக்கு. வாசலில் ஒரு குரல் அதைச் சொல்லட்டும்.

வாழைச்சேனை ரைடர்:

ஆரையூரான் அண்ணன் சொல்வது சரியாகப் படவில்லை. அதற்குக் கதை இருக்கிறதே. மாளிகைச் சொந்தக்காரர் பெயர் மாஸ்டர் கிரேசி, அவருடைய கல்யாணம் தடைபட்டது, மணப்பெண் செத்தாள், அவர் தூக்குப் போட்டார். டிஸ்னியின் புளோரிடாப் பூங்காவில் உள்ள இதே மாதிரி வீட்டில் அந்த மணப்பெண்ணின் மோதிரம் நிலத்தில் புதைந்து கிடப்பதைக்கூட வீடியோவில் காட்டினார்கள்.

ஆரையூரான்:

தம்பி, நல்ல இடத்தில் கையை வைத்தாய், இதை எழுதாமல் விட்டது என் பிழை.

வரிசையில் நிற்கிற இடத்தில் பகிடிக் கல்லறைகள் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் வேலை செய்த ஒருவருடைய பெயரைப் போட்டு அட்டென்சியோ நாலு வரி எழுதினார். அதில் ஒன்றுதான் மாஸ்டர் கிரேசி, நான் மேலே சொன்ன யேல் கிரேசிக்கு வைத்த மரியாதை. சனம் அதைப் பார்த்து, ஓ இவர்தான் வீட்டுக்காரர் என்று முடிவுகட்டிவிட்டது.

மோதிரக் கதை இன்னும் ருசி. அது மோதிரமே இல்லை. நிலத்தில் நட்டிருந்த ஒரு இரும்புக் கம்பத்தை அறுத்துவிட்டார்கள், வட்டமான அடிப்பகுதி நடைபாதையிலேயே நின்றுவிட்டது. வந்து போனவர்கள் அதைப் பார்த்து மணப்பெண்ணின் மோதிரம் என்றார்கள். பிறகு ஒரு திருத்த வேலையில் அது இல்லாமல் போனது, ரசிகர்கள் ஒரே கவலை. கடைசியில் 2011இல் வரிசைப் பாதையைப் புதுப்பித்தபோது கம்பனியே ஒரு மோதிரத்தை நிலத்தில் பதித்துக் கொடுத்தது. பார்த்தாயா, வெட்டிப்போட்ட குழாயிலிருந்து மோதிரம், மோதிரத்திலிருந்து கதை.

மணப்பெண்ணும் அப்படித்தான் வளர்ந்தாள். 1969இல் அவள் பரணில் நின்று இதயம் துடிக்கிற ஒரு உருவம் மட்டும், பெயர்கூட இல்லை. 2006இல்தான் கொன்ஸ்டன்ஸ் என்று பெயர் கொடுத்து, ஐந்து புருஷன்மாரின் தலையை வெட்டியவளாக ஆக்கினார்கள். 37 வருடம் கழித்து. எனக்கு அந்தப் பழைய பெயரில்லாதவளைத்தான் பிடிக்கும்.

கதையை முதலில் வைத்துக் கட்டியது பார்க்க வேண்டுமென்றால் பாரிஸ் டிஸ்னி பூங்காவில் உள்ள வீட்டைப் பார், 1992. அங்கே வீடும் பாழடைந்த வீடு, மணப்பெண்ணுக்கும் முழு வரலாறு உண்டு. அதையும் விரும்புகிற ஆட்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை.

கூத்தர் பேரன்:

மச்சான், நான் கறுவல்... இல்லை, பெயர் வேண்டாம், யாரென்று உனக்குத் தெரியும். அப்பப்பா கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் என்பதால் எனக்கு எல்லாம் கூத்தாகத்தான் தெரியும், பொறுத்துக்கொள்.

அந்த வீட்டுக்காரப் பேய் நம் கட்டியகாரன்தானே! கூத்தில் அரசன் வருவதற்கு முன்பு கட்டியகாரன் களரிக்கு வந்து இன்னார் வருகிறார், விலகுங்கள் என்கிறான். ஒவ்வொரு பாத்திரமும் வரவுப் பாட்டில் தான் யாரென்று தானே சொல்லி ஆடுகிறது. நடுச்சாமத்துக்கு வந்து குந்துகிற கிழவிக்கும் அந்த இடத்திலிருந்து விளங்கும், முதலிலிருந்து பார்த்திருக்கத் தேவையில்லை. உன் பேய்வீடும் அப்படி இருக்கவேண்டும். ஒவ்வொரு மூலையும் தனக்குள் முடிய வேண்டும்.

ஆரையூரான் அண்ணன் அந்த நீளுகிற அறையைப் பற்றி எழுதவில்லையே? அதில் ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு அழகாக நிற்கிற படம், அறை நீள நீளப் படமும் கீழே நீளுகிறது, பார்த்தால் அவள் கயிற்றில் நிற்கிறாள், கீழே முதலை வாயைப் பிளந்திருக்கிறது. ஒரு வார்த்தை வசனம் இல்லை. ஒரு படத்தில் ஒரு முழுக் கூத்து.

மற்றது, நான் பகிடிக்குச் சொல்கிறேன், கடல் மணப்பெண் எல்லா ஊரிலும் இருக்கிறாள். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், போன ஆள் திரும்பமாட்டான் என்று வெளியூர்க்காரன் காலம் காலமாகச் சொல்கிறானே, அதை யாரும் பேய்வீடாகப் போடவில்லை.

ஆரையூரான்:

நீளுகிற அறையை மறந்தது வயதுக் கோளாறு. அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அது வெருட்டுவதற்காக மட்டும் வந்த அறை இல்லை. கலிபோர்னியாவில் மாளிகை நிற்கிற இடம் சின்னது. சனத்தை வண்டியில் ஏற்றிக் காட்சிகளைக் காட்டுகிற சவாரி ஓடும் பெரிய கட்டிடம் பூங்காவைச் சுற்றி ஓடுகிற ரயில் பாதைக்கு அங்கால் இருக்கிறது. சனத்தை நிலத்துக்குக் கீழே இறக்கி, தண்டவாளத்துக்கு அடியால் கூட்டிப்போக வேண்டும். அதனால் அந்த அறை உண்மையில் ஒரு லிஃப்ட், சனம் கீழே போகிறது, சுவர் நீளுவதாகத் தெரிகிறது. புளோரிடாவில் அந்தத் தேவை இல்லை, அங்கே தரை நிற்க முகடு மேலே போகிறது. இடைஞ்சலாக இருந்ததைத்தான் காட்சியாக்கினார்கள். உன் ரியூசன் மண்டபத்தில் என்ன இடைஞ்சல் இருக்கிறது என்று முதலில் பார்.

அந்தப் பாய் யோசனை பகிடி இல்லை. யோசித்துப் பார்க்க வேண்டிய சாமான்.

அக்கரைப்பற்று நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கதை எனக்குத் தெரியாது, கண்ணாடி தெரியும். அலுமினியம் பிட்டிங் கடை வைத்திருக்கிறேன்.

அந்த நடன மண்டபத்தில் பேய்கள் ஊடே தெரிவது கண்ணாடி வேலைதான், புதுசும் இல்லை. 1862இல் லண்டனில் பெப்பர் என்ற பேராசிரியர் மேடையில் காட்டியது, யோசனை டேர்க்ஸ் என்ற எஞ்சினியருடையது. இன்றைக்கும் பெப்பரின் பேய் என்றுதான் பெயர். எப்படிச் செய்வதென்றால், சனத்துக்கும் காட்சி அறைக்கும் நடுவில் கண்ணாடியை 45 பாகை சரிவில் நிறுத்து. பக்கத்தில் சனத்துக்குத் தெரியாத ஒரு கள்ள அறை, முழுக்கக் கறுப்புத் துணி. அதற்குள் ஆளை நிறுத்தி லைட்டை மெல்லக் கூட்டினால் அவர் காட்சி அறைக்குள் நிற்பது மாதிரித் தெரிவார், ஊடே கதிரையும் தெரியும். லைட்டைக் குறைத்தால் கரைந்து போவார். கண்ணாடியிலிருந்து ஆள் எத்தனை அடி தள்ளி நிற்கிறாரோ அத்தனை அடி கண்ணாடிக்கு அங்கால் பேய் தெரியும், அதனால் கதிரையில் பேய் குந்தவேண்டுமென்றால் இரண்டு பக்கமும் அளந்து தரையில் சோக்கால் குறி போடு. இல்லாவிட்டால் பேய் கதிரைக்குப் பக்கத்தில் அந்தரத்தில் குந்தும், பொடியன்கள் கூக்காட்டுவார்கள்.

தூசியும் கைரேகையும் இருந்தால் கண்ணாடி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பிளாஸ்டிக் தகடு போடலாம் என்று யாராவது சொல்வான், அது வளையும், பேயின் முகம் கோணும். சனம் முட்டாமல் முன்னால் ஒரு மரக் கம்பி அடி. டெம்பர் பண்ணிய கண்ணாடி பாதுகாப்பு, ஆனால் பண்ணிய பிறகு வெட்ட முடியாது, அளவை முதலே சரியாகச் சொல்லு.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். ரிஜிபோம், பொலித்தீன், வைக்கோல், இதுகளை பல்புக்குக் கிட்ட வைக்காதே, மெழுகுதிரி வேண்டவே வேண்டாம். 1984இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஒரு பூங்காவின் பேய்க்கோட்டை தீப்பிடித்து 8 இளம் பிள்ளைகள் வெளியே வரமுடியாமல் இறந்தார்கள். இருட்டு, புகை, வளைந்த பாதை. இரண்டு வாசலும் திறந்தே இருக்கட்டும், பூட்டுப் போடாதே, உள்ளே உன் ஆள் ஒருவன் டோர்ச்சோடு நிற்கட்டும்.

கல்லடிப் பொடியன்:

நானா, பெரிய உபகாரம். மண்டபத்தில் நடுவில் இரண்டு தூண் இருக்கிறது, அதுதான் பெரிய இடைஞ்சல் என்று கமிட்டி அழுதது. கள்ள அறையை அதற்குப் பின்னால் மறைக்கலாம் போலிருக்கிறது.

கதையில் நான் இன்னும் கடல் மணப்பெண்ணை விடவில்லை. ஒரு வரியாகச் சுருக்கினேன்: "கடல் கொண்டுபோனவர்கள் இன்று இரவு திரும்பி வருகிறார்கள்." எப்படி?

திருக்கோவில் டீச்சர்:

மகன், இந்த வரியை வாசித்துவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன், அரை மணித்தியாலம் கழித்துத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு என்ன வயது என்று தெரியாது, 20 இருக்கலாம். 2004 டிசம்பர் 26 உங்களுக்கு ஒரு பாடப்புத்தகத் திகதி. வரிசையில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிற தாய்க்கு அப்படி இல்லை. கல்லடியிலும் நாவலடியிலும் எத்தனை வீட்டில் சின்னச் சின்னப் படங்களுக்கு மாலை போட்டிருக்கிறது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கடல் கொண்டுபோனவர்கள் திரும்பி வருவதை எத்தனையோ பேர் உண்மையாகவே எதிர்பார்த்துக் கரையில் நின்றார்கள். அதை ரிக்கெட் விற்றுக் காட்டக் கூடாது. கோபத்தில் சொல்லவில்லை, ஆனால் சுற்றிவளைத்தும் சொல்லமாட்டேன்.

வெடிச் சத்தமும் வைக்காதீர்கள். பூட்ஸ் சத்தம், கதவைத் தட்டுகிற சத்தம், முகத்தில் திடீரென்று டோர்ச் அடிப்பது, இதெல்லாம் கார்னிவலில் சாதாரணம். இங்கே 40 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு அது விளையாட்டாக இருக்காது.

உங்களுக்கு டிஸ்னிதான் உதாரணம் என்றால் அவர்களிடமே ஒன்று இருக்கிறது. 2013இல் ஹொங்கொங்கில் இதே மாதிரி ஒரு மாளிகை திறந்தபோது பேயை முழுக்க எடுத்துவிட்டார்கள். இறந்தவர்களை, முன்னோர்களைப் பற்றி அங்குள்ள சனத்தின் நம்பிக்கை வேறு, அதைப் பகிடி பண்ண முடியாது. அதற்குப் பதிலாக உலகம் சுற்றிப் பொருள் சேர்க்கிற ஒரு பிரபு, அவருடைய குரங்கு ஆல்பர்ட், குரங்கு திறக்கக் கூடாத ஒரு இசைப்பெட்டியைத் திறந்துவிடுகிறது, வீட்டில் உள்ள சிலை, ஓவியம் எல்லாம் உயிர் பெறுகின்றன. செத்தவர் ஒருவரும் இல்லை. நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன், குரங்குக்காக இரண்டாம் தரமும் கேட்டார்கள்.

கூத்தர் பேரன் சொன்ன பாய்க் கதையை எடுங்கள். அதில் யாரும் சாகவில்லை.

வாழைச்சேனை ரைடர்:

டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. என் பெரியம்மா இப்போதும் கடற்கரைக்குப் போவதில்லை.

கூத்தர் பேரன்:

மச்சான், மனம் விட்டுப்போகாதே. எழுதிப் பார்த்துத்தான் தெரியும்.

கல்லடிப் பொடியன்:

இரண்டு நாள் எழுதவில்லை, மன்னிக்கவும். டீச்சரின் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டா. அதற்குப் பிறகு அந்த 4 பக்கத்தையும் அழித்துவிட்டேன்.

நேற்றுக் கமிட்டியில் பாயைப் போட்டேன். இப்படி வந்திருக்கிறது. அது ஒரு விருந்தாளி வீடு. வெளிப்பக்கம் வடிவாக இருக்கும், தோரணம், கோலம், நிறைகுடம், வாசலில் சிரித்த முகத்தோடு ஒரு ஆச்சி, கூத்தர் பேரன்தான் ஆச்சி வேஷம். "வாங்க மனே, எங்கிருந்து வாறீங்க, இருந்து போங்க." அவ்வளவுதான் சொல்லுவா. உள்ளே முதல் பாதியில் ஒருவரும் இல்லை, வரிசையாகப் புற்பாய்கள் மட்டும். ஒவ்வொரு பாய்க்கும் பக்கத்தில் ஒரு சோடிச் செருப்பு, பஸ் ரிக்கெட், பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பை. ஒரு பாயின் நடுவில் ஒரு சாரத்துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு இருக்கும், ஆளைக் காணோம். எங்கேயோ தூரத்தில் ஒரு மெல்லிய ரீங்காரம், நம் வாவியின் பாடும் மீன் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும், நாங்கள் சொல்லப்போவதில்லை.

இரண்டாம் பாதியில் விருந்து நடக்கிறது. பாயோடு ஒட்டிப்போன வெளியூர்க்காரர்கள் எல்லோரும் முதுகில் பாயோடேயே எழும்பி ஆடுகிறார்கள், தயிரும் கட்டிச்சோறும் சாப்பிடுகிறார்கள், போக மனமில்லை என்கிறார்கள். 1960இல் வந்த கணக்காளர் ஐயா இன்னும் கைப்பையோடு இருக்கிறார். நானாவின் கண்ணாடி இங்கேதான், ஆச்சி மறுபடியும் ஊடே தெரிகிற மாதிரி வந்து குந்துவா. கடைசி மூலையில் ஒரு பாய் விரித்துக் காலியாகக் கிடக்கும்.

எலும்புக்கூடு கேட்ட ஆட்களுக்கும் ஒன்று கொடுத்தோம், அது சமையலறையில் மீன் வெட்டும். சண்டை முடியவில்லை, ஆரையூரான் அண்ணன் சொன்னபடி முடிக்கவும் இல்லை. யானைக்குக் கண் வைக்கிற சாமானை அந்த மண்டபத்துக்கு வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்று இப்போது அடுத்த சண்டை.

டீச்சர், ஆச்சி சரிதானே?

திருக்கோவில் டீச்சர்:

ஆச்சி நல்லா இருக்கிறா. சின்னப் பிள்ளைகளுக்கு உள்ளே போகாமல் திரும்ப ஒரு வழி விடுங்கள், அழுதுகொண்டு முன்னுக்குத் தள்ளப்படக் கூடாது. நான் பேரப்பிள்ளைகளோடு வருகிறேன்.

ஆரையூரான்:

வெளிச்சத்துக்கு நான் வருகிறேன், டிம்மர் இரண்டு என்னிடம் இருக்கிறது. காலிப் பாய்க்கு மேலே மட்டும் நல்ல வெளிச்சம் விடு, மற்ற எல்லாம் மங்கல். அதற்கு முன்னால் எத்தனை பேர் நிற்காமல் ஓடுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்லடிப் பொடியன்:

நானா, கண்ணாடி அளவு 6 அடிக்கு 4 அடி. தூணிலிருந்து அளந்துவிட்டேன். எப்போது வந்து எடுக்கலாம்?

அக்கரைப்பற்று நானா:

வியாழன் பின்னேரம் வா. வெள்ளி என்றால் ஜும்ஆவுக்குப் பிறகுதான் கடை. லொறியில் நிமிர்த்தி வைத்துக் கட்டிக் கொண்டுபோக வேண்டும், படுக்கவைத்தால் கல்முனை தாண்டுமுன்பு இரண்டாகிவிடும், பழைய பாய் நாலைந்து கொண்டுவா சுற்றுவதற்கு. ஒட்டாத பாயாகப் பார்த்து.